குளிரைக் கணக்கு வைக்கும் மொட்டு

கிழக்கு ஜாவாவில், மலாங் நகருக்கு மேற்கே, பத்து என்றொரு மலையூர் இருக்கிறது. மலேசியாவின் பத்துமலையில் வருகிற அதே சொல்தான். மலாய் மொழியில் கல் என்று பொருள். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே கன்னியாகுமரி எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, ஏறக்குறைய அவ்வளவே தெற்கே தள்ளி இருக்கிறது இந்த ஊர். பனி பெய்யாது. உறைகுளிர் கிடையாது. ஆண்டு முழுவதும் பகலும் இரவும் கிட்டத்தட்ட ஒரே நீளம். இப்படிப்பட்ட ஊரில் டச்சுக்காரர்கள் காலத்தில் வந்து சேர்ந்த ஆப்பிள், ஆண்டுக்கு இரண்டு முறை காய்த்து அந்த ஊருக்கே அடையாளமாகிவிட்டது.

அறுவடை முடிந்த சில வாரங்களில் அங்கே நடக்கும் வேலையைப் புதிதாகப் பார்க்கிறவர் பதறிப்போவார். ஆட்கள் மரத்துக்கு மரம் போய், பச்சைப் பசேலென்று நிற்கும் இலைகளைக் கையால் உருவி எறிவார்கள். நோய்பட்ட இலை, முற்றிய இலை என்ற பாகுபாடு இல்லை. மரம் மொட்டையாகும் வரை பறிப்பார்கள். கிளைகளை வளைத்துக் கட்டுவதும் உண்டு. இந்த வேலைக்கு அவர்கள் மொழியில் ரொம்பெஸ் என்று பெயர். சில வாரங்கள் கழித்து, மொட்டையாக நின்ற மரம் தளிரும் பூவுமாக எழும்.

இலையைப் பறித்தால் பூ வருவானேன்? ஆப்பிள் குளிர்நாட்டுப் பழம் என்று நாம் சொல்வதில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பது இந்தக் கேள்விக்குள்ளேதான் இருக்கிறது. ஆப்பிள் மரத்துக்குக் குளிர் எதற்குத் தேவை என்று தெரிந்துகொண்டால், குளிரில்லாத ஊரில் அதை என்ன செய்யலாம், என்ன செய்ய முடியாது என்பதும் விளங்கிவிடும்.

ஆப்பிளின் பூர்வீகம் கசக்ஸ்தானின் தியான் ஷான் மலைச்சரிவுகள். அல்மாட்டி நகரைச் சுற்றிய காடுகளில் அதன் காட்டு மூதாதை இன்றும் வளர்கிறது. ரஷ்யத் தாவரவியலாளர் நிக்கொலாய் வவிலோவ் 1929இல் அங்கே போய்ப் பார்த்துவிட்டு, இதுதான் பிறந்த இடம் என்று அடையாளம் சொன்னார். அந்த மலையில் குளிர்காலம் கொடியது. அதைவிடக் கொடியது, நடுக்குளிர்காலத்தில் தலைகாட்டும் நாலைந்து வெயில் நாட்கள். அந்த வெயிலை நம்பி ஒரு மரம் பூத்துவிட்டால், அடுத்த வாரம் வரும் உறைபனியில் பூ முழுவதும் கருகிவிடும். அந்த ஆண்டு விதையில்லை, சந்ததியில்லை. ஆகவே, வெயிலைக் கண்டதும் மலர்ந்த மரங்கள் அழிந்தன. குளிர்காலம் உண்மையிலேயே கழிந்துவிட்டதா என்று சரிபார்த்துக்கொண்ட மரங்கள் பிழைத்தன.

சரிபார்ப்பது எப்படி? மொட்டுக்கு இரண்டு பூட்டுகள். முதல் பூட்டு மொட்டின் உள்ளே இருக்கிறது. அது பூட்டியிருக்கும்போது எத்தனை இதமான வெயில் அடித்தாலும் மொட்டு அசையாது. அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி குளிர்தான். அதுவும் ஒருநாள் குளிர் போதாது, வாரக்கணக்கில் சேர்ந்த குளிர் வேண்டும். முதல் பூட்டு திறந்த பிறகும் மொட்டு உடனே விரியாது. இரண்டாவது பூட்டு வெளியே இருக்கிறது. அதை வெயிலின் இதம் திறக்கும். முதலாவதை உள்ளுறக்கம் என்றும், இரண்டாவதை வெளியுறக்கம் என்றும் வைத்துக்கொள்வோம்.

இது முழு மரமும் சேர்ந்து எடுக்கும் முடிவு என்றுதான் நமக்குத் தோன்றும். அப்படியில்லை என்று காட்டியவர் அமெரிக்க வேளாண்மைத் துறையில் இருந்த ஃபிரெடெரிக் கோவில். புளூபெர்ரிச் செடியைக் காட்டிலிருந்து தோட்டத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். குளிர்காலம் முழுவதும் கதகதப்பான கண்ணாடி வீட்டில் வைத்துப் பராமரித்த செடிகள் வசந்தத்தில் துளிர்க்கவே இல்லை, வெளியே குளிரில் கிடந்த செடிகள் துளிர்த்தன. இதைக் கண்டவர் இன்னொன்றும் செய்தார். கண்ணாடி வீட்டுக்குள் இருந்த செடியின் ஒரு கிளையை மட்டும் வெளியே குளிரில் நீட்டிவைத்தார். வசந்தம் வந்தபோது அந்த ஒரு கிளை மட்டும் துளிர்த்தது. அதே வேர், அதே தண்டு, ஆனால் உள்ளே இருந்த கிளைகள் உறங்கிக்கொண்டே இருந்தன. 1920இல் இதை அவர் வெளியிட்டார். குளிரை எண்ணுவது மரம் இல்லை, ஒவ்வொரு மொட்டும் தனித்தனியே எண்ணுகிறது. செடியியலில் இவ்வளவு எளிய கருவிகளால் இவ்வளவு தெளிவான விடை கிடைத்த சோதனைகள் குறைவு. எனக்கு மிகவும் பிடித்த சோதனைகளில் இது ஒன்று.

மொட்டு எண்ணுகிறது என்றால், எப்படி எண்ணுகிறது என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பீச் மரங்களை ஆராய்ந்த வைன்பெர்கர், 1950இல் ஒரு நேரான கணக்கைச் சொன்னார். வெப்பநிலை 7.2 பாகை செல்சியஸுக்குக் கீழே இருந்த மணிநேரங்களைக் கூட்டிக்கொண்டே வாருங்கள், ஒவ்வொரு ரகத்துக்கும் இத்தனை மணி என்று ஓர் எண் இருக்கிறது. குளிர்மணி என்ற அளவு அன்றிலிருந்து தோட்டக்காரர்களின் அன்றாடச் சொல்லாகிவிட்டது. நம் ஊர்த் தள்ளுவண்டிகளில் சிம்லா ஆப்பிள் என்று கூவி விற்கப்படும் டெலிசியஸ் வகைகளுக்கு ஆயிரம் மணியும் அதற்கு மேலும் வேண்டும்.

நேரான கணக்கு வெகுநாள் நிற்கவில்லை. 1974இல் யூட்டா மாநிலத்து ஆய்வாளர்கள் அதைத் திருத்தினார்கள். அவர்கள் கணக்கில், 2.5 பாகையிலிருந்து 9.1 பாகை வரை உள்ள ஒரு மணிநேரத்துக்கு முழு மதிப்பெண். 1.4 பாகைக்குக் கீழே போனால் மதிப்பெண்ணே இல்லை, அதாவது உறையும் குளிரால் மொட்டுக்கு ஒரு பயனும் கிடையாது. 16 பாகையைத் தாண்டினால் சேர்த்து வைத்ததிலிருந்து அரை மதிப்பெண் கழியும். 18 பாகையைத் தாண்டினால் ஒன்று முழுதாகக் கழியும்.

கொடைக்கானலை நினைத்துப் பாருங்கள். சனவரி இரவில் வெப்பநிலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். விடிந்து வெயில் ஏறினால் பதினேழு, பதினெட்டு பாகை. இரவெல்லாம் மொட்டு சேர்த்த குளிரில் ஒரு பங்கைப் பகல் வெயில் அழித்துவிடுகிறது. ஊர் குளிர்கிறது, நமக்குச் சால்வை வேண்டியிருக்கிறது, ஆனால் ஆப்பிள் மொட்டின் கணக்குப் புத்தகத்தில் வரவு குறைவு. குளிர்ந்த மலை என்றாலே ஆப்பிள் மலை என்று ஆகிவிடாததற்கு இது பெரிய காரணம். அங்குள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் டெலிசியஸைக் கட்டிக்கொண்டு அழவில்லை. குறைந்த குளிரில் பூக்கும் பார்லின்ஸ் பியூட்டியைத் தேர்ந்தெடுத்து கே.கே.எல்.1 என்று பெயரிட்டுத் தந்தது. ஆனாலும் பழனி மலையில் பிளம்ஸும் பேரியும் பிடித்த இடத்தை ஆப்பிள் பிடிக்கவில்லை.

யூட்டா கணக்கும் வெயில் நாடுகளில் தடுமாறியது. இஸ்ரேலின் இதமான குளிர்காலத்துக்கு அதைப் பொருத்திப் பார்த்தால், கழித்தல் கூட்டலை மிஞ்சி, மரமே பூக்கக்கூடாது என்று விடை வரும். மரமோ பூத்து நிற்கும். அங்கே அம்னோன் எரெஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 1987இல் வேறொரு கணக்கை முன்வைத்தார்கள். அவர்கள் சொன்னது இதுதான்: குளிரில் மொட்டுக்குள் ஏதோ ஒரு பொருள் சிறுகச் சிறுகச் சேர்கிறது. அது குறித்த அளவை எட்டுவதற்குள் வெயில் வந்தால் கரைந்துவிடும். எட்டிவிட்டாலோ, ஒரு பங்காக உறைந்து கணக்கில் ஏறிவிடும், பிறகு எந்த வெயிலும் அதைத் தொட முடியாது. உறை ஊற்றிய பால் தயிராகும் வரைதான் கலங்கும், தோய்ந்துவிட்டால் தோய்ந்ததுதான், அப்படி. அந்தப் பொருள் இன்னது என்று அவர்கள் காட்டவில்லை. அது காகிதத்தில் எழுதிய ஒரு கணிதப் பொருள். இருந்தும் வெப்ப நாடுகளின் குளிர்காலங்களுக்கு இன்றுவரை இந்தக் கணக்கே நன்றாகப் பொருந்துகிறது.

மரபணுக்களின் பக்கமிருந்து ஒரு துப்பு கிடைத்தது. மெக்சிகோவில் குளிர்காலத்திலும் வளர்ச்சியை நிறுத்தாத ஒரு பீச் வகை இருந்தது. அதற்கு உறக்கமே இல்லை. அதன் மரபணுத் தொகுதியை ஆராய்ந்தபோது, மற்ற பீச் மரங்களில் வரிசையாக ஆறு மரபணுக்கள் இருக்கும் இடத்தில் இதில் சில காணாமல் போயிருந்தன. 2008இல் வெளியான செய்தி இது. இந்த மரபணுக்கள்தான் உறக்கத்தின் காவல்காரர்கள். குளிர் சேரச் சேர இவற்றின் செயல்பாடு தணிகிறது. ஆப்பிளிலும் இதே குடும்பத்து மரபணுக்கள் உண்டு. தென்னாப்பிரிக்காவில், குறைந்த குளிர் போதும் என்னும் அன்னா ரகத்தைப் பிற ரகங்களோடு கலப்பினம் செய்து பிள்ளைச் செடிகளை ஆராய்ந்தபோது, எந்தச் செடி முந்தித் துளிர்க்கும் என்பதில் ஒன்பதாவது குரோமோசோமின் ஒரு பகுதிக்குப் பெரும்பங்கு இருப்பது தெரிந்தது.

போதிய குளிர் கிடைக்காத டெலிசியஸ் மரம் எப்படியிருக்கும் என்பதைச் சொல்லவேண்டும். ஆசைப்பட்டு சமவெளியில் நட்டவர்கள் பலர் இதைத்தான் பார்க்கிறார்கள். மரம் சாகாது. கிளை நுனியில் மட்டும் ஒரு கொத்து இலை வரும், நடுக்கிளை வெறும் குச்சியாக நிற்கும். பூ ஒரே வாரத்தில் வராமல் இரண்டு மாதம் அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும். மகரந்தம் தரவேண்டிய பக்கத்து மரம் அந்த நேரத்தில் பூத்திருக்காது. இலையில்லாத தண்டு கோடை வெயிலில் வெந்து பட்டை வெடிக்கும். உரம் போதவில்லையோ, தண்ணீர் போதவில்லையோ என்று தோட்டக்காரர் தவிப்பார். உண்மையில் மொட்டுகள் இன்னும் குளிர்காலத்தை எண்ணி முடிக்கவில்லை.

ஆகவே வெயில் நாட்டில் ஆப்பிள் வளர்க்க இரண்டு வழிகள்தான். குறைவாக எண்ணும் மரத்தைத் தேடிப்பிடிப்பது ஒன்று. மரத்தை எண்ணவே விடாமல், உறக்கத்துக்கே போகவிடாமல் தடுப்பது மற்றொன்று.

பத்துவில் நடப்பது இரண்டாவது வழி. பல மரங்கள் பகல் சுருங்குவதைப் பார்த்து உறங்கப் போகும். ஆப்பிள் அப்படியில்லை, அதை உறங்க வைப்பது பெரும்பாலும் இறங்கும் வெப்பநிலைதான். நார்வேயில் ஹைடாவும் பிரெஸ்ட்ரூடும் 2005இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். ஜாவாவில் அந்த இறக்கமே இல்லை. அறுவடை முடிந்ததும் அடுத்த மொட்டுகள் தயாராகிவிடும். அவற்றை அடக்கிவைத்திருப்பது, பக்கத்தில் இருக்கும் இலைகளும் கிளை நுனியும் அனுப்பும் தடைச் செய்திகள். இது உள்ளுறக்கம் அல்ல, வெறும் அடக்கம். இலையைப் பறித்து, கிளையை வளைத்துவிட்டால் தடை நீங்குகிறது. உள்ளே பூட்டு விழுவதற்குள் மொட்டு விரிந்துவிடுகிறது. ரோம் பியூட்டி போன்ற ரகங்கள் அங்கே காய்ப்பது இந்தக் கைவேலையால்தான். குளிரே இல்லாத இடத்தில் இது நடக்கிறது. அரைகுறையாகக் குளிரும் இடத்தில் மரம் பாதி உறங்கிவிடும். பிறகு இலையைப் பறித்துப் பயனில்லை.

முதல் வழியின் கதையில் மனிதர்கள் அதிகம். இஸ்ரேலின் ஐன் ஷெமர் கிப்புட்ஸில் அப்பா ஸ்டைன் என்பவர் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அந்த வட்டாரத்தின் வெயிலுக்குப் பழகிய ரெட் ஹடாசியா என்ற உள்ளூர் ஆப்பிளை, அமெரிக்காவின் கோல்டன் டெலிசியஸோடு கலந்தார். பிறந்தது அன்னா. முந்நூறு குளிர்மணி இருந்தால் அதற்குப் போதும், அதற்குக் குறைந்தாலும் பூக்கும். சிவப்புத் தீற்றலோடு நீளவாக்கில் இருக்கும். சாறு நிறைய, புளிப்பும் இனிப்பும் கலந்த சுவை. ஊர்ப் பெயரையே தாங்கிய ஐன் ஷெமர் ரகமும் அங்கே பிறந்ததுதான். அதற்கும் கோல்டன் டெலிசியஸ் ஒரு பெற்றோர், மற்றது சிரியாவின் ஸபதானிப் பள்ளத்தாக்கின் பெயர் கொண்ட பழம்.

அட்லாண்டிக்கில், பகாமாஸ் தீவுகளின் தலைநகரான நாசாவில் ஐரின் டோர்செட் என்ற பெண்மணி 1950களில் ஆப்பிள் விதைகளை முளைக்க வைத்து வளர்த்தார். உறைபனி என்பதையே அறியாத தீவு அது. அங்கே ஒரு கன்று காய்த்தது. பொன்மஞ்சள் பழம். அதுவும் கோல்டன் டெலிசியஸின் பிள்ளை என்றே சொல்லப்படுகிறது. டோர்செட் கோல்டன் என்ற பெயரில் ஃப்ளோரிடாவுக்குப் போய், அங்கிருந்து உலகெங்கும் பரவியது. அன்னாவும் டோர்செட் கோல்டனும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பூப்பதால் இன்று இவை இணைபிரியாத ஜோடி. ஆப்பிள் பெரும்பாலும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது, வேறு ரகத்தின் மகரந்தம் வேண்டும். ஒன்றை மட்டும் நட்டுவிட்டுக் காத்திருப்பது வெயில் நாட்டு ஆப்பிளில் அடிக்கடி நடக்கும் தவறு. பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகம் தன் மாநிலச் சமவெளிக்குப் பரிந்துரைத்ததும் இந்த இரண்டையும்தான். உகாண்டாவின் கபாலே மலைப்பகுதியில் வேரூன்றியவையும் இவையே.

மூன்றாவது கதை நம் நாட்டினுடையது. இமாசலப் பிரதேசத்தின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் பனியாலா என்ற கிராமம் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,800 அடிதான் உயரம். மாம்பழம் விளையும் பகுதி. கோடையில் நாற்பது பாகையைத் தொடும் ஊரில் ஆப்பிள் பற்றி யாரும் நினைத்ததில்லை. 1990களின் கடைசியில் ஹரிமன் சர்மா என்ற விவசாயி வீட்டுக் கொல்லையில், தின்ற ஆப்பிளின் விதையிலிருந்து முளைத்த கன்று ஒன்று நின்றது. அவர் அதைப் பிடுங்கி எறியவில்லை. சில ஆண்டுகளில் பூத்தது, காய்த்தது. அதன் குச்சிகளை வெட்டி ஒட்டுக்கட்டி, சிறு தோட்டமே போட்டார். தேசிய புத்தாக்க நிறுவனம் அந்த ரகத்தைப் பல மாநிலங்களில் நட்டுச் சோதித்தது. ஹெச்.ஆர்.எம்.என்.-99 என்பது அதன் பெயர். 2025இல் அவருக்கு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

இந்தக் கதையைக் கேட்டு விதை போடக் கிளம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். ஆப்பிள் விதை தாயைப் போலப் பிறக்காது. ஒரே பழத்தின் ஐந்து விதைகள் ஐந்து தனி மரங்கள். விதையும்கூட மொட்டைப் போலவே குளிரை எண்ணுகிறது. ஈரத்தில் சில வாரங்கள் குளிரில் கிடந்தால்தான் ஒழுங்காக முளைக்கும். குளிர்பெட்டியில் வைத்து முளைக்க வைக்கலாம், ஆனால் அந்த முளை வளர்ந்து மரமாகி, தன் மொட்டுகளுக்கு எத்தனை மணி கேட்கும் என்பது அதன் மரபணுவுக்குத்தான் தெரியும். டோர்செட்டுக்கும் சர்மாவுக்கும் கிடைத்தது பெரும்பேறு. ஆனால் அந்தப் பேற்றைக் கண்டுகொள்ளும் கண்ணும், குச்சி வெட்டி ஒட்டிப் பெருக்கும் பொறுமையும் அவர்களுடையவை. ஒட்டுக்கட்டாமல் விட்டிருந்தால் அந்த மரங்களோடு அந்த ரகங்களும் போயிருக்கும்.

குளிர்க்கணக்கு தீர்ந்ததும் எல்லாம் தீர்ந்துவிடுவதில்லை. பழத்தோலில் சிவப்பேற இரவு குளிரவேண்டும். வெப்ப இரவுகளில் அந்தச் சிவப்பு நிறமியை ஆக்கும் வேலை மந்தமாகிவிடுகிறது. அதனால் சமவெளி ஆப்பிள் வெளுத்த முகத்தோடு வரும். காசுமீர் ஆப்பிளுக்குப் பழகிய கண்ணுக்கு அது காய் போலத் தோன்றும். ருசியில் அந்தக் குறை இல்லை, சந்தையில் இருக்கிறது. மேற்கு வெயில் நேரே படும் பழங்கள் வெந்துவிடுவதால், கவாத்து செய்யும்போது பழத்தின்மேல் இலை நிழல் விழும்படி கிளையை விடவேண்டும். வேரைத் தாக்கும் கம்பளி அசுவினி இன்னொரு பகை. அதைத் தாங்கும் எம்.எம்.111 போன்ற வேர்ச்செடியில் ஒட்டிய கன்றா என்று கேட்டு வாங்குவது நல்லது. அன்னா பறித்த பின் வெகுநாள் தாங்காது, மாவாகிவிடும். மாதக்கணக்கில் கிடங்கில் அடுக்கிவைக்கும் வணிகத்துக்கு அது ஆகாது.

ஆனால் அதற்கு வேறொரு வரம் உண்டு, அது நாள்காட்டியில் இருக்கிறது. சமவெளியில் பிப்ரவரியில் பூத்து மே, ஜூனில் பழுக்கிறது. காசுமீர், இமாசலக் கிடங்குகள் காலியாகி, புதுப்பழம் இன்னும் வராத இடைவெளி அது. உள்ளூர்ச் சந்தையில் பறித்த அன்றே விற்கிற சிறு தோட்டக்காரருக்கு அந்த ஐந்தாறு வாரங்கள் போதும். வெயில் நாட்டு ஆப்பிள் காசுமீர் ஆப்பிளை வெல்லவேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். கொல்லைப்புறத்திலும் அரை ஏக்கரிலும் அது தன் இடத்தைப் பிடித்தால் அதுவே பெரிய காரியம் என்பது என் கருத்து. ஐந்து ஏக்கர் நட்டால் இத்தனை இலட்சம் என்று கன்று விற்கிறவர்களின் கணக்கில், பழம் மாவாகும் நாட்களும் வெந்த பழங்களும் எழுதப்பட்டிருக்காது.

இந்தக் குறைகுளிர் ரகங்களின்மேல் இன்று ஆய்வாளர்களின் பார்வை குவிவதற்கு வெயில் நாடுகளின் ஆசை மட்டும் காரணமில்லை. ஆப்பிளுக்குப் பேர்போன மலைகளிலேயே குளிர் குறைந்துவருவதும் காரணம். இமாசலத்தில் 1870இல் கேப்டன் லீ குல்லுவின் பந்த்ரோலில் ஆப்பிள் நட்டார். 1910களில் சாமுவேல் ஸ்டோக்ஸ் அமெரிக்காவிலிருந்து டெலிசியஸ் கன்றுகளைக் கோட்கடுக்குக் கொண்டுவந்தார். அந்த மாநிலத்தின் மலைப் பொருளாதாரமே அதன்மேல் எழுந்தது. இப்போது குல்லுவின் தாழ்ந்த பகுதிகளில் குளிர்காலம் டெலிசியஸின் கணக்கை நிரப்புவதில்லை. மாதுளைக்கு மாறியவர்கள் பலர். ஆப்பிள் மேலே மேலே ஏறி, கின்னௌருக்கும் ஒரு காலத்தில் ஆப்பிளுக்குக் குளிர் அதிகம் என்று கருதப்பட்ட லாஹுல்-ஸ்பிதிக்கும் போயிருக்கிறது. பத்துவிலும் வெப்பம் ஏறி, மரங்கள் முதிர்ந்து, தோட்டங்கள் ஆரஞ்சுக்கு மாறிவருகின்றன. இலை பறிக்கும் கைத்திறனால் உறக்கத்தைத் தடுக்கலாம், பழத்தைச் சுடும் வெயிலைத் தடுக்க முடியாது.

ஜூன் மாதத்தில் இமாசலத்துக்குப் போகிறவர்கள் வழியில் பிலாஸ்பூரில் இறங்கிப் பார்க்கலாம். பனியாலாவில் பழம் பறித்துக்கொண்டிருப்பார்கள். அதே நாளில் மலையேறிக் கோட்கடுக்குப் போனால், டெலிசியஸ் மரங்களில் பிஞ்சுகள் பச்சையாகத் தொங்கும். இரண்டும் ஒரே மாநிலம், ஒரே பழம். மொட்டுகள் எண்ணிய மணிகள்தான் வேறு.